தீ வைத்தவனும் உயிர்ப்பழியும்: கனடா நாட்டுச் சட்டம் கூறுவது

நெருப்பைப் போல் மனிதனுக்குப் பணிந்து உதவும் பொருளும் இல்லை. அவன் கைமீறிப் போகும் பொருளும் இல்லை. அடுப்பில் உள்ளவரை அது ஏவலாள். கூரையில் ஏறிவிட்டாலோ அதற்கு எஜமானன் கிடையாது. வாளை ஓங்குபவன் தான் யாரை வெட்டுகிறோம் என்பதை அறிவான். தீ வைப்பவன் அவ்வாறு அறிவதில்லை. பகைவனுடைய வைக்கோற் போருக்கு அவன் இட்ட தீ, காற்றின் போக்கால் பக்கத்து வீட்டுத் தொட்டிலை எட்டலாம். ஆளில்லை என்று எண்ணிக் கொளுத்திய கிடங்கினுள் வழிப்போக்கன் ஒருவன் படுத்துறங்கிக் கொண்டிருக்கலாம்.

இவ்வாறு உயிர் போய்விட்டால், தீ வைத்தவனைக் கொலைகாரன் என்று கூறலாமா? அவன் கொளுத்தியது பொருளை, போனதோ உயிர். அவன் நினையாத ஒன்றுக்கு அவனைக் கொலைகாரன் என்பது முறையா? ஆயின், நினையவில்லை என்று அவன் சொல்வதை ஏற்று விட்டுவிட்டால் இறந்தவருக்கு நியாயம் ஏது? நாகரிக நாடுகள் அனைத்திலும் நீதிபதிகளை அலைக்கழித்த கேள்வி இது. இக்கேள்விக்குக் கனடா நாடு நூறாண்டுகளுக்கு மேலாக விடை தேடி, தன் விடையைத் தானே திருத்தியும் அமைத்திருக்கிறது. அவ்வரலாற்றையும் இன்றைய நிலையையும் ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கனடாவின் குற்றச் சட்டம்

கனடா பல மாகாணங்கள் சேர்ந்த கூட்டாட்சி நாடு. சொத்து, வாணிபம் முதலிய பல துறைகளில் மாகாணத்திற்கு மாகாணம் சட்டம் வேறுபடும். குற்றச் சட்டம் மட்டும் நாடு முழுவதற்கும் ஒன்றே. அதை இயற்றும் அதிகாரம் ஆட்டவாவிலுள்ள மத்திய நாடாளுமன்றத்தைச் சேர்ந்தது. அச்சட்டத் தொகுப்பு 1892-ஆம் ஆண்டில் நிறைவேறி, 1893-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அத்தொகுப்பிற்கு அடிப்படையாய் அமைந்தது, சர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் தம் நாட்டிற்கென்று தயாரித்த நகல். இவர் நம் நாட்டிற்குப் புதியவர் அல்லர். 1869 முதல் 1872 வரை கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இவர் கைவண்ணமே. இந்தியாவில் சட்டங்கள் தொகுக்கப்பட்டிருந்த முறையைக் கண்டு வியந்து, இங்கிலாந்திற்கும் அவ்வாறே ஒரு தொகுப்பு வேண்டும் என்று பாடுபட்டார். இங்கிலாந்து அதனை ஏற்கவில்லை, கனடா ஏற்றது.

ஸ்டீபன் பின்னர் நீதிபதியானார். தீ வைத்து உயிர் போன வழக்கு ஒன்று 1887-ஆம் ஆண்டில் லண்டனில் அவர் முன் வந்தது. செர்னே வழக்கு என்று சட்ட நூல்கள் அதனைக் குறிக்கும். செர்னே என்பவர் ஸ்டிராண்டு வீதியில் கடையும் வீடும் ஒன்றாய் அமைந்த கட்டடத்தில் மனைவி மக்களுடன் வாழ்ந்து வந்தார். கடன் தொல்லை மிகுதி. கடைச் சரக்கையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் அவற்றின் பெறுமானத்திற்கு மேல் இன்ஷூர் செய்திருந்தார். ஓர் இரவு வீடு தீப்பற்றியது. அவரும் மனைவியும் பெண்மக்களும் கூரை வழியே தப்பினர். ஆண்மக்கள் இருவர் மாண்டனர். மாண்டவருள் அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு சிறுவனின் உயிரும் இன்ஷூர் செய்யப்பட்டிருந்தது.

பெருங்குற்றம் ஒன்றைச் செய்யும்போது எவருடைய உயிர் போனாலும், எப்படிப் போனாலும், அது கொலையே என்பது அக்காலத்து ஆங்கிலச் சட்டம். தீவைப்புப் பெருங்குற்றம், ஆதலால் வேறொன்றும் ஆராயாமலே கொலை என்று தீர்த்துவிடலாம். ஸ்டீபன் அவ்வாறு கூற உடன்படவில்லை. செய்த செயல் உயிருக்கு ஆபத்தானது என்று அறியப்பட்டதாகவும், தன்னளவிலேயே மரணம் விளைவிக்கக் கூடியதாகவும் இருந்தால்தான் கொலையாகும் என்று ஜூரர்களுக்கு அறிவுறுத்தினார். அதே மூச்சில், குடும்பத்தார் உள்ளே உறங்கும் வேளையில் ஒருவன் வீட்டுக்குத் தீ வைத்தான் என்பது மெய்ப்பிக்கப்பட்டால் அது கொலைதான் என்பதையும் எடுத்துரைத்தார். முடிவில், தீ வைத்தவர் அவரே என்பது ஐயமற நிறுவப்படாமையால் ஜூரர்கள் விடுதலை அளித்தனர். குற்றவாளிக்கு வாய்ப்பாக இருக்கிறதே என்று சட்டத்தை வளைக்கவும் கூடாது. குழந்தைகள் மாண்டார்களே என்று அதை நீட்டவும் கூடாது என்னும் நடுநிலையை இவ்வழக்கில் காண்கிறோம்.

உள்ளத்தை ஆராயாத கொலைச் சட்டம்

எனினும் கனடாவின் தொகுப்பில் பழைய கடுமை முழுதும் நீங்கிவிடவில்லை. குறிப்பிட்ட சில குற்றங்களைச் செய்யும்போது உயிர் போனால், குற்றவாளி மரணத்தை எதிர்பார்த்தானா என்று கேளாமலே கொலை எனக் கொள்ளலாம் என்ற பிரிவு நெடுங்காலம் அதில் இருந்து வந்தது. அக்குற்றப் பட்டியலில் தீவைப்பும் ஒன்று.

இந்நிலை மாறியது 1982-ஆம் ஆண்டு கனடா தன் அரசியலமைப்பில் உரிமைச் சாசனத்தைச் சேர்த்த பின்னரே. ஒருவனுடைய சுதந்திரத்தைப் பறிப்பதாயின் அஃது அடிப்படை நீதிக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பது அச்சாசனத்தின் 7-ஆவது பிரிவு. இதனைத் துணைக்கொண்டு கனடா உச்ச நீதிமன்றம் 1987-ஆம் ஆண்டில் அந்தக் கொலைப் பிரிவின் ஒரு பகுதியைச் செல்லாதது என்றது. 1990-ஆம் ஆண்டில் மற்றொரு முக்கியப் பகுதியையும் தள்ளுபடி செய்தது. இரு தீர்ப்புகளிலும் முதன்மைக் கருத்துரையை எழுதியவர் அந்துவான் லமேர். இரண்டாவது தீர்ப்பின்போது அவர் தலைமை நீதிபதி.

அவர் கூறிய காரணம் எளியது, ஆழமானது. கொலைகாரன் என்னும் பெயர் சமுதாயம் ஒருவன்மேல் சுமத்தும் பழிகளுள் மிகப் பெரியது. அதற்குரிய தண்டனையும் மிகக் கடியது. அத்தகைய பழியை, உயிர் போகக்கூடும் என்று உள்ளபடியே முன்னறிந்து செயல்பட்டவன்மேல்தான் சுமத்தலாம். அறிந்திருக்க வேண்டுமே என்று பிறர் கூறுவது போதாது. அவன் அறிந்தான் என்பது வேண்டும். இத்தீர்ப்பு ஒருமனதானதன்று. நீதிபதி கிளேர் லெரூ-துபே மாறுபட்ட கருத்தை எழுதினார். ஆபத்தான குற்றத்தில் துணிந்து இறங்கியவன் அதன் விளைவுக்கு உரிய பொறுப்பை ஏற்க வேண்டியவனே என்பது அம்மையாரின் நிலை. இறந்தவரின் குடும்பத்தார் பலரும் அவ்வாறே நினைப்பர் என்பதில் ஐயமில்லை.

நீதிமன்றம் தள்ளிய பிரிவு சட்டப் புத்தகத்தில் நெடுநாள் அச்சாகிக் கொண்டே இருந்தது. 2019-ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றம் அதனை முறைப்படி நீக்கியது.

ஈண்டு நம் நாட்டுக் குறிப்பு ஒன்று கூறத்தக்கது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தொடக்கத்திலேயே இக்கொள்கையை விலக்கிவிட்டது. பிறனுடைய கோழியைச் சுட்டுத் திருட எண்ணி ஒருவன் சுடுகிறான். புதருக்குப் பின்னால் இருந்த மனிதன் இறக்கிறான். அங்கு ஆள் இருப்பதைச் சுட்டவன் அறியான். திருட்டு எண்ணம் தீயதாயினும், அவன் மரணம் விளைவித்த குற்றத்திற்கு ஆளாகான் என்பது அச்சட்டம் தந்த எடுத்துக்காட்டு. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அதன் இடத்திற்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையும் இவ்வெடுத்துக்காட்டை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. கனடா 1990-இல் வந்தடைந்த கருத்தின் ஒரு பகுதி, நம் சட்டத்தில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றிருந்தது என்று சொல்லலாம்.

தீவைப்பு என்னும் குற்றம்

உயிர்ச் சேதத்தைக் கருதுமுன், தீவைப்பு தன்னளவில் எத்தகைய குற்றம் என்பதை அறிதல் வேண்டும். இன்றுள்ள பிரிவுகள் 1990-ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்டவை. அவை குற்றத்தைப் படிப்படியாக வகுக்கின்றன.

முதற்படி, மனித உயிரைப் பொருட்படுத்தாத தீவைப்பு. உள்ளே மக்கள் வாழ்கின்றனர் அல்லது இருக்கின்றனர் என்று அறிந்தோ, இருக்கலாம் என்று தெரிந்தும் அதைப் பொருட்படுத்தாமலோ தீ வைப்பது இதில் அடங்கும். தீயினால் மற்றவருக்கு உடற்காயம் நேர்ந்தாலும் இதுவே. கட்டடம் தன்னுடையதே ஆயினும் விலக்கில்லை. ஆயுட்காலச் சிறை வரை தண்டனை உண்டு. அடுத்தது பிறர் பொருளுக்குத் தீ வைப்பது. பதினான்கு ஆண்டு வரை சிறை. தன் பொருளையே கொளுத்திப் பிறருடைய உடல் நலத்துக்கோ பாதுகாப்புக்கோ அபாயம் உண்டாக்கினாலும் அதே அளவு. இன்ஷூரன்ஸ் தொகை முதலியவற்றை ஏமாற்றிப் பெறும்பொருட்டுத் தீ வைத்தால் பத்தாண்டு வரை. இங்கு, தீப்பட்ட சொத்தின்மீது ஒருவருக்கு இன்ஷூரன்ஸ் உரிமை இருப்பதிலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தை நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம்.

கடைசிப் படி அலட்சியத்தால் நேரும் தீ. இதில் தீ வைக்கும் எண்ணமே இராது. ஒரு கட்டடத்தின் உரிமையாளரோ அதைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரோ, கவனமுள்ள மனிதர் காட்டும் எச்சரிக்கையினின்று வெகுவாக வழுவியதனால் தீ மூண்டு, பிறருக்குக் காயமோ பொருட்சேதமோ நேர்ந்தால் ஐந்தாண்டு வரை சிறை. தீத்தடுப்பு விதிகளை அவர் மீறியிருந்தால், அம்மீறலிலிருந்தே அவருடைய அலட்சியத்தை ஊகிக்கலாம் என்றும் சட்டம் கூறுகிறது.

கொலையும், கொலையாகா மரணக்குற்றமும்

இனி உயிர் போகும் நிலை. தமிழில் கொலை என்ற ஒரு சொல்லால் பலவற்றையும் குறித்துவிடுகிறோம். கனடாச் சட்டமோ இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று கொலை. மற்றொன்றை, மொழிபெயர்ப்பாளராகிய நாம் கொலையாகா மரணக்குற்றம் என்று சுற்றி வளைத்துத்தான் கூற வேண்டியுள்ளது. கனடாவில் சட்டங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இயற்றப்படுகின்றன. ஒன்று மூலம், மற்றது பெயர்ப்பு என்பதில்லை, இரண்டும் மூலமே. இரண்டாவது குற்றத்திற்குப் பிரெஞ்சு வாசகம் இட்டுள்ள பெயர், விருப்பமின்றி நிகழ்ந்ததாயினும் பழிக்குரிய மனித மரணம் என்று பொருள்படும். குற்றத்தின் இயல்பு அப்பெயரிலேயே விளங்கிவிடுகிறது.

தீயினால் நேர்ந்த மரணம் கொலையாவதற்கு மூன்று வாயில்கள் உள்ளன. ஒருவரைக் கொல்லவேண்டும் என்றே, அல்லது மரணம் விளையத்தக்க காயத்தை உண்டாக்க எண்ணி அவர் இறந்தாலும் இறக்கட்டும் என்றே, தீ வைப்பது முதல் வாயில். ஒருவரைக் குறிவைத்து இட்ட தீயில் வேறொருவர் மாள்வது இரண்டாவது. குறி தவறியது குற்றவாளிக்குத் துணையாகாது. மூன்றாவதே வழக்குமன்றங்களில் மிகுதியாக விவாதிக்கப்படுவது. சட்டவிரோதமான வேறொரு நோக்கத்திற்காக, மரணம் விளையக்கூடும் என்று அறிந்தே ஒரு செயலைச் செய்து அதனால் உயிர் போனால், எவரும் சாகக் கூடாது என்று அவன் விரும்பியிருந்தாலும் அது கொலை. அறிந்திருக்க வேண்டும் என்ற பழைய சொற்களும் இப்பிரிவில் இருந்தன. நீதிமன்றம் முன்னரே செல்லாதவையாக்கிய அவற்றைப் பின்னர் வந்த திருத்தச் சட்டம் ஏட்டிலிருந்தும் நீக்கியது.

எடுத்துக்காட்டாக ஒன்று கூறலாம். கீழ்த்தளத்தில் கடை, மேல்தளத்தில் வாடகைக் குடும்பம். கடைக்காரர் இன்ஷூரன்ஸ் பணத்தை நாடி நள்ளிரவில் தீ வைக்கிறார். மேலே உறங்குவோர் உள்ளனர், படி ஒன்றே வழி, தீ அப்படியில்தான் ஏறும் என்பதை அவர் அறிவார். அவர்கள் பிழைக்க வேண்டும் என்று அவர் மனமார வேண்டிக்கொண்டிருந்தாலும், அறிந்து செய்தமையால் கொலைக் குற்றம் சாரும். குடும்பத்தார் ஊருக்குப் போய்விட்டனர் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தால் நிலைமை வேறு. அப்போது கொலை என்பது தளரும். ஆனால் பொறுப்பு நீங்கிவிடாது.

ஏனெனில் அடுத்த படியில் கொலையாகா மரணக்குற்றம் காத்திருக்கிறது. சட்டவிரோதமான, ஆபத்தான செயலால் மரணம் நேர்ந்தால் இக்குற்றம் அமையும். இதற்குக் குற்றவாளி மரணத்தை முன்னறிந்திருக்க வேண்டுவதில்லை. அவன் நிலையில் உள்ள அறிவுடைய மனிதர் எவரும், அற்பமல்லாத உடற்காயம் யாருக்கேனும் நேரக்கூடும் என்று கண்டிருப்பார் என்றால் போதும். 1993-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இவ்வாறு வரையறுத்தது. தீ வைப்பவன் இவ்வலையினின்று தப்புவது அரிது. தவிர, பிறர் உயிரைத் துச்சமாக எண்ணிய பேரலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்பதும் தனிக்குற்றம்; அதற்கும் ஆயுட்காலச் சிறை வரை உண்டு.

டொரண்டோ நகரத்து வழக்கு

இவ்விரு குற்றங்களுக்கும் இடையேயுள்ள எல்லைக்கோட்டை நன்கு காட்டுவது, டொரண்டோ நகரில் 2001-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் நிகழ்ந்த தீ. கட்டடச் சாமான்கள் விற்கும் கடை ஒன்று. இன்ஷூரன்ஸ் தொகைக்காகச் சதி செய்து அதை எரிக்கத் திட்டமிட்டனர். உள்ளே பெட்ரோல் பரப்பப்பட்டது. பெட்ரோல் ஆவி நிறைந்த இடத்தில் தீ பரவுவதில்லை, வெடிக்கிறது. கட்டடம் சிதறியது. மாண்டவர் அயலார் அல்லர். தீ வைக்கச் சென்ற கூட்டத்தில் ஒருவரே.

தன் கூட்டாளியின் சாவுக்கு மற்றவர்கள் பொறுப்பாவார்களா? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவனுக்காக மற்றவனைத் தண்டிப்பதா என்று கேட்கலாம். கனடாச் சட்டம் அவ்வாறு பாகுபாடு செய்வதில்லை. குற்றத்தில் பங்கு கொண்டவனுடையதும் மனித உயிரே. சதியில் ஈடுபட்டிருந்த ஒருவரை விசாரணை நீதிமன்றம் கொலைக் குற்றவாளி என்றது. 2011-ஆம் ஆண்டில் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, கொலையாகா மரணக்குற்றம் என்று குறைத்தது. மூடிக் கிடந்த கடையைக் கொளுத்தும் திட்டத்தில், எவரேனும் மாள்வது நேரக்கூடும் என்று அவர் அறிந்திருந்தார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் சாரம். ஆபத்து உண்டு என்று மங்கலாய் உணர்வது வேறு. மரணம் விளையக்கூடும் என்று அறிவது வேறு. நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பது நம்மவர் பழமொழி. கொலை என்று பெயரிட்டு விடுவதனாலும் ஒரு செயல் கொலையாகிவிடாது.

தீக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு

குற்றவாளியின் உள்ளத்தை ஆராய்வது ஒருபுறம். அவன் வைத்த தீயே மரணத்திற்குக் காரணமா என்பது மற்றொரு புறம். தீ விபத்துகளில் இது சிக்கலானது. பலர் தீயில் வெந்து இறப்பதில்லை. புகையில் மூச்சு முட்டி இறக்கின்றனர். சிலர் தீக்கு அஞ்சிச் சாளரத்தினின்று குதித்து மடிகின்றனர். சிலர் மருத்துவமனையில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போராடி உயிர் விடுகின்றனர். வாயிற்கதவு பூட்டியிருந்ததனால் மாண்டவரும் உண்டு.

மான்ட்ரியல் நகரின் புளூபேர்டு கஃபே என்னும் கேளிக்கை விடுதியில் 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிரவு நிகழ்ந்த கொடுமையை அந்நகரத்தார் இன்றும் மறக்கவில்லை. உள்ளே அனுமதி மறுக்கப்பட்ட இளைஞர் மூவர் ஆத்திரம் கொண்டு, மாடிப்படியில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினர். மாடியில் நாட்டுப்பாடல் இசையில் மூழ்கியிருந்தவர்களுக்கு முன்வழி அடைபட்டது; வேறு வழிகளிலும் எளிதில் வெளியேற இயலவில்லை. முப்பத்தேழு பேர் மாண்டனர்; பெரும்பாலோர் இளவயதினர். தீ வைத்தவர் மூவரும் பிடிபட்டுத் தண்டனை பெற்றனர்.

வெளியேறும் வழிகள் செவ்வையாக இருந்திருந்தால் பலர் பிழைத்திருக்கக் கூடுமே, அப்பழி கட்டடத்தைச் சேர்ந்ததன்றோ என்று வாதிடலாம். அவ்வாதம் தீ வைத்தவனைக் காப்பாற்றாது. மரணத்திற்கு ஒரே காரணமாக ஒருவன் செயல் இருக்க வேண்டுவதில்லை. குறிப்பிடத்தக்க அளவில் துணைக் காரணமாய் இருந்தாலே போதும் என்பது 2001-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விதி. நடுவில் வேறு நிகழ்ச்சி குறுக்கிட்டால், அது பொதுவாக எதிர்பார்க்கத்தக்கதா, அன்றி முற்றிலும் தொடர்பற்ற தனிச் செயலா என்று பார்க்க வேண்டும் என 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று கூறியது. பழைய கட்டடத்தில் ஒரு கதவு அடைபட்டிருப்பதும், தீயினின்று ஒருவர் மாடியிலிருந்து குதிப்பதும் எதிர்பாராத அதிசயங்கள் அல்ல.

பிற ஐயங்கள் சிலவற்றைச் சட்டமே தீர்த்து வைத்திருக்கிறது. ஆபத்தான காயம் பட்டவருக்கு நல்லெண்ணத்துடன் அளித்த சிகிச்சை பிழையாய்ப் போயிருந்தாலும், காயப்படுத்தியவனே மரணத்திற்குக் காரணமாவான். ஏற்கெனவே நோயுற்றிருந்தவர் அக்காயத்தினால் விரைவில் இறந்தாலும் அவ்வாறே. காயம் பட்டு ஓராண்டும் ஒரு நாளும் கழிந்த பின் இறந்தால் வழக்கில்லை என்று பழைய விதி ஒன்று இருந்தது. மருத்துவம் வளர்ந்து, தீப்புண் பட்டோரை நெடுங்காலம் உயிரோடு வைத்திருக்க இயலும் இக்காலத்தில் அவ்விதி பொருந்தாது என்று 1999-ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது.

குடிபோதையில் தீ வைத்தவன் நிலை என்ன? ஒன்டாரியோவில் குடித்திருந்த ஒருவர், முன்னாள் தோழியின் வீட்டில் அடுப்பின் மேல் எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவைத்துவிட்டு, காப்பி வாங்க வெளியே சென்றார். திரும்பி வருமுன் வீடு பற்றி எரிந்தது. உயிர்ச் சேதம் இல்லை. குடிமயக்கம் தீவைப்புக் குற்றத்திற்கு விடையாகாது என்று 2015-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்து, மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. ஆனால் கொலை வழக்கில் நிலை வேறு. மரணத்தை முன்னறிந்தானா என்பதே அங்குக் கேள்வியாதலால், அறிவு மயங்கியிருந்தது என்ற சாட்சியத்தை ஜூரர்கள் கருதிப் பார்க்கலாம். அதனால் அவன் கொலைப் பழியினின்று விலகினாலும், கொலையாகா மரணக்குற்றத்தினின்று விலகுவது எளிதன்று.

தண்டனை

கனடாவில் தூக்குத் தண்டனை 1976-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. கொலைக்கு ஆயுட்காலச் சிறை கட்டாயம். நீதிபதிக்கு அதைக் குறைக்கும் உரிமை இல்லை. திட்டமிட்டு, நின்று நிதானித்துச் செய்த கொலை முதல் தரக் கொலை. இருபத்தைந்து ஆண்டு கழியுமுன் பரோல் கேட்க முடியாது. ஏனையவை இரண்டாம் தரம். பத்து முதல் இருபத்தைந்து ஆண்டுக்குள் அக்காலத்தை நீதிபதி வரையறுப்பார். ஆட்கடத்தல் முதலிய சில குற்றங்களின்போது செய்த கொலை, திட்டம் இல்லாவிடினும் முதல் தரமாகும். தீவைப்பு அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

கொலையாகா மரணக்குற்றத்திற்கு மேல் எல்லை ஆயுட்காலச் சிறை. கீழ் எல்லை பொதுவாக இல்லை. ஆகவே நீதிபதியின் கைகள் கட்டப்படாமல், ஒவ்வொருவனுடைய பழியின் எடைக்கு ஏற்பத் தண்டனை அமைய இடமுண்டு.

ஒரே தீயில் பலர் மாள்வது உண்டாதலால், பல உயிருக்குப் பல காலம் என்று பரோல் ஆண்டுகளைக் கூட்டலாமா என்பதும் கேள்வியாயிற்று. கூட்டலாம் என்று 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அஃது ஒரு மனிதன் வெளிவரும் நம்பிக்கையை முற்றிலும் அழிப்பதாகும், மனித கண்ணியத்திற்கு ஒவ்வாது என்று 2022-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதனைத் தள்ளியது. இருபத்தைந்து ஆண்டிற்குப் பின் பரோல் கேட்கலாம் என்பதன்றிக் கிடைத்தே தீரும் என்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நாம் கருதற்பாலது

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் கனடாச் சட்டத்தின் உள்ளக்கருத்து ஒன்றே. போன உயிர்களின் எண்ணிக்கை ஒருவனைக் கொலைகாரன் ஆக்குவதில்லை. தீக்குச்சியைக் கிழித்த வேளையில் அவன் அறிந்திருந்தது எதுவோ அதுவே ஆக்குகிறது. ஆயினும் அறியேன் என்ற சொல் அவனை வீட்டிற்கு அனுப்பி வைப்பதும் இல்லை. பெயர் மாறலாம், பொறுப்பு மாறாது.

இஃது இறந்தவரின் உற்றாருக்கு ஆறுதல் தருமா? மகனையோ மகளையோ தீக்கு இழந்த தாய்க்குக் கொலைக்கும் கொலையாகா மரணக்குற்றத்திற்கும் உள்ள வேறுபாடு என்ன ஆறுதலைத் தரும்? அவள் வீட்டில் வெற்றிடம் ஒன்றே. இதை நீதிபதிகள் அறியாதவர் அல்லர். ஆனால் துயரத்தின் அளவைக் கொண்டு பழியை அளந்தால், ஒரே செயலைச் செய்த இருவருள் காற்று அடித்தவன் கொலைகாரனாவான். காற்று அடியாதவன் சிறு குற்றவாளியாவான். மனிதனின் பழியைக் காற்றின் கையில் ஒப்படைக்க இயலாது என்பதே லமேர் முதலியோர் கண்ட முடிவின் உட்பொருள்.

சொந்த ஊரை விட்டுப் பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் அடுக்குமாடிகளில் வாழும் நமக்கு, ஒரே மாடிப்படியை நம்பிப் பல குடும்பங்கள் உறங்குவது புதிய காட்சியன்று. கனடாச் சட்டம் அலட்சியத்தையும் தீவைப்புப் பிரிவுகளுள்ளேயே சேர்த்து வைத்திருப்பது நம் சிந்தனைக்கு உரியது. படியடியில் குவித்து வைத்த பழஞ்சாமான்களும், மொட்டைமாடிக் கதவில் தொங்கும் பூட்டும் யாரையும் கொல்ல வேண்டும் என்று வைக்கப்பட்டவை அல்ல. எங்கோ ஒரு தீப்பொறி எழும் இரவில், அவற்றை அங்கே வைத்தவர் என்ன அறிந்திருந்தார், என்ன அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்வியும் எழும். அக்கேள்வியை நீதிபதி கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்வது நலம்.